கேணிப்படியும் ஊர்க்கிணறும்

(ஆலய தர்மகர்த்தா சபை உறுப்பினர், ஓய்வுநிலை எழுதுவினைஞர்)

எல்லாம் வல்ல விநாயகப் பெருமானின் திருவருளால் எமது ஆலயத்தின் ஆண்டு மலர் இவ்வருடமும் மலர்கின்றது. சமயச் சான்றோர் பலர் திருமுறை பற்றியும் புராணம் பற்றியும் எழுதும் இம்மலரிலே, தண்ணீரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதும்படி மலர்க்குழுவினர் என்னைக் கேட்டபோது முதலில் தயங்கினேன். நான் நீரியல் கற்றவன் அல்லன். முப்பத்தைந்து வருடங்கள் அரச அலுவலகங்களிலே கோவைகளுடன் காலம் கழித்தவன். ஆயினும் எமது தீர்த்தக் கேணி சம்பந்தமாக நடந்தவற்றைக் கூட்டக்குறிப்புப் புத்தகத்தில் என் கையாலேயே பதிந்தவன் என்ற வகையில், அவற்றை அடியார்களுக்கு எடுத்துச் சொல்லும் கடமை எனக்கு உண்டு. அதில் என்னுடைய தவறும் அடங்கியிருப்பதால் அக்கடமை இன்னும் கூடுகின்றது.

ஆலயத்தின் கேணி, வீதி, மடம் ஆகியன வழிபாட்டுக்கு மட்டும் உரியனவல்ல. ஊருக்கு வரும் மழைநீர் எங்கே விழுகிறது, எங்கே தங்குகிறது, எங்கே போகிறது என்பதை ஊரவர் யாவரும் கண்ணால் காணக்கூடிய பொது இடங்களும் அவையே என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எமக்கு நீர் எங்கிருந்து வருகின்றது?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மலையும் இல்லை. வன்னியிலே பெரிய குளங்கள் உண்டு. எமக்கு அவ்வாறான நீர்த்தேக்கமும் இல்லை. எமக்கு உள்ளது மழையும் நிலத்தின் கீழுள்ள சுண்ணக்கல்லும்தான். வருடத்தில் சராசரியாக 1,250 மில்லிமீற்றர் அளவில் பெய்யும் மழையிலே பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் பெய்து முடிந்துவிடுகின்றது. அந்த மூன்று மாதத்து மழையை மீதி ஒன்பது மாதங்களுக்கும் சேமித்துத் தருவது எமது காலடியில் இருக்கும் வெடிப்பும் துவாரமும் நிறைந்த வெள்ளைக்கல்லே ஆகும். வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகத்தில் ஊர்காவற்றுறைப் பகுதி என நான்கு இடங்களில் இவ்வாறு நிலத்தடி நீர் தேங்கி நிற்பதாக நீரியலாளர் வகுத்துள்ளனர்.

இந்த நன்னீர் தனியே நிற்கவில்லை என்பதே நாம் முக்கியமாக விளங்கிக்கொள்ள வேண்டிய விடயம். குடாநாட்டைச் சூழக் கடலும் கடல்நீரேரியும் இருப்பதால், நிலத்தின் கீழும் உவர்நீர் புகுந்துள்ளது. நன்னீர் உவர்நீரிலும் பாரம் குறைந்தது. ஆகவே உவர்நீரின் மேல் நன்னீர் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு அது உவரை அழுத்தி வைத்திருக்கும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. இக்கணக்கைத் திருப்பிப் பார்த்தால் அச்சம் உண்டாகும். மேலே ஓரடி நீரை நிரந்தரமாக இழந்தால், கீழே நாற்பதடி தூரம் உவர் மேலேறி வர இடமுண்டு. இறைப்பு இயந்திரத்தை மாலை வரை ஓடவிட்ட தோட்டத்திலே வெங்காயத் தாளின் நுனி கருகுவது இதனாலேயாகும்.

புத்தூருக்கு அண்மையில் நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணற்றை எம்மில் பலர் பார்த்திருப்போம். அதிலே எலுமிச்சம்பழத்தைப் போட்டால் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று எமது பாட்டிமார் கதை சொல்வார்கள். பழம் போய்ச் சேருமோ இல்லையோ, அக்கதைக்குள் ஓர் உண்மை உண்டு. நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீரும் உள்ளன. கீரிமலையிலோ கடலுக்கு மிக அருகில் நன்னீர் ஊற்றெடுக்கின்றது. நிலத்தின் கீழே நீர் நகர்கின்றது, ஓர் ஊரின் நீர் இன்னோர் ஊரிலும் வெளிப்படலாம் என்பதை விஞ்ஞானம் வருமுன்னரே எம்மவர் உணர்ந்திருந்தனர்.

இடப்பெயர்வைக் கண்டவர்களுக்குக் கிணற்றின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு நடந்த நாங்கள் 1996 சித்திரையில் திரும்பி வந்தபோது, வீட்டுக்குக் கூரை இருக்கிறதா என்று பார்க்குமுன் கிணற்றடிக்கே போனோம். கயிறு உக்கிப் போயிருந்தது. வேலிக் கம்பியில் வாளியைக் கட்டி இறக்கி, மேலே எடுத்த தண்ணீரை என் தாயார் வாயில் வைத்துப் பார்த்து, "உவரில்லை, இருக்கலாம்" என்றார். நாங்கள் அந்த வளவிலே மீண்டும் குடியிருந்தோம்.

முன்னோர் அமைத்த பொது இடங்கள்

எமது முன்னோர் நீரைத் தமது வளவுக்குள் மட்டும் வைத்திருக்கவில்லை. தெருவோரத்திலே கேணி, அருகிலே மடம், பாரம் இறக்கச் சுமைதாங்கி, மாடுகள் நீர் குடிக்கத் தொட்டி, உடம்பு உரஞ்ச ஆவுரஞ்சிக்கல் என்பனவற்றை ஒரே இடத்தில் அமைத்தார்கள். பருத்தித்துறைத் தெருமூடிமடத்தை இன்றும் காணலாம். நல்லூரில் சங்கிலித்தோப்புக்கு அருகிலுள்ள யமுனா ஏரி 'ப' வடிவில் வெட்டப்பட்ட கேணியாகும். ஆலயம் தோறும் தீர்த்தக் கேணி வெட்டியதும், வயல் தோறும் சிறு குளம் வைத்ததும், குளத்துக்குக் குளம் வாய்க்கால் தொடுத்ததும் மழைநீர் ஓடிக் கடலில் விழுமுன் அதனை நிலத்துக்குள் இறக்குவதற்காகவே.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்னார் இந்தக் கிணற்றில் அள்ளலாம், இன்னார் அள்ளக்கூடாது என்ற வழக்கம் எமது ஊர்களிலே இருந்தது. அதை எம் தலைமுறையினர் கண்ணால் கண்டோம். ஆனால் நிலத்தின் கீழே அந்த வேலி ஒருபோதும் இருந்ததில்லை. அள்ள விடாதவர் கிணற்றுக்கும் அள்ள முடியாதவர் கிணற்றுக்கும் நீர் கொடுத்தது ஒரே வெள்ளைக்கல்தான். எல்லோரும் வந்து நிற்கக்கூடிய ஆலய வீதியிலே ஊரின் நீரைப் பற்றிப் பேசுவது பொருத்தமானது என்று நான் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

எமது ஆலயக் கேணி இருபத்தொரு படிகளைக் கொண்டது. அடியிலே கல்லைக் குடைந்து வெட்டப்பட்டிருப்பதால், சுற்றியுள்ள கிணறுகளில் நீர் ஏறும்போது கேணியிலும் ஏறும், இறங்கும்போது இறங்கும். நான் சிறுவனாக இருந்த காலத்தில் தோட்டக்காரர் காலைப் பூசைக்கு வந்தால் கேணியை ஒருமுறை எட்டிப் பார்ப்பார்கள். "பத்துப் படி தெரியுது, இனி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் இறைக்க வேணும்" என்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். துலாவிலே இறைத்த காலம் அது. கேணிப்படிதான் அவர்களுக்கு அளவுகோலாக இருந்தது. யாரும் கூட்டம் போட்டு அறிவிக்கவில்லை, சட்டமும் இருக்கவில்லை. கும்பிட வந்த இடத்திலே ஊரின் நீர்க்கணக்கும் கண்ணுக்குத் தெரிந்தது.

நாம் செய்த பிழை

யுத்தம் முடிந்தபின் புலம்பெயர்ந்த எமது உறவுகள் தாராளமாக உதவினார்கள். மணிமண்டபமும் அன்னதான மடமும் எழுந்தன. 2012ஆம் ஆண்டு வெளிவீதியை அழகுபடுத்த வேண்டும் என்று தர்மகர்த்தா சபையில் பிரேரணை வந்தது. அப்பொழுது நான் செயலாளர். மாரியில் சேறு, கோடையில் புழுதி, தேர் இழுக்கும்போது சில்லுப் புதைகிறது என்று காரணம் காட்டி, வெளிவீதியில் ஆறு பரப்பளவு நிலத்துக்குச் சீமெந்து போடுவதென்றும், வடக்கு வீதியாற் கேணிக்கு வரும் வெள்ளவாய்க்காலை மூடி மேலே வாகனத் தரிப்பிடம் அமைப்பதென்றும் தீர்மானித்தோம். "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது" என்று எழுதிக் கையொப்பமிட்டவன் நான். வாய்க்கால் எதற்காக அந்த இடத்தால் வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சீமெந்து போட்ட பின் வீதி பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. மழை பெய்தால் வெள்ளம் தேர்முட்டியடியால் ஓடித் தெருவுக்குப் போய், தெருவாலே ஒழுங்கைக்குள் இறங்கித் தாழ்ந்த வளவுகளில் நின்றது. கேணிக்கு ஒரு சொட்டும் வரவில்லை. வருடத்துக்கு வருடம் படிகள் கூடுதலாகத் தெரிந்தன. மழை குறைவு என்று சொல்லிச் சமாதானப்பட்டோம்.

2019ஆம் ஆண்டு ஆவணிச் சதுர்த்தித் தீர்த்தத்துக்கு முதல்நாள் இருபத்தொரு படியும் தெரிந்தன. அடியிலே பாசி காய்ந்து வெடித்திருந்தது. வேறு வழியின்றிப் பன்னிரண்டு பவுசர் தண்ணீர் விலைக்கு வாங்கி இறக்கினோம். அதுவும் இடுப்பளவுக்கு நிற்கவில்லை. மறுநாள் பெருமான் தீர்த்தமாடி எழுந்தருளியபின், எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, பிள்ளையாருக்கே பவுசரில தண்ணி கொண்டு வாறியள். முந்தி மழைத்தண்ணி தானா வந்து விழுந்தது. அது வாற வழியை அடைச்சது ஆர்?" என்று கேட்டார். என் கிணறும் அந்த வருடம் கயர்க்கத் தொடங்கியிருந்தது. அவருக்கு என்னாற் பதில் சொல்ல முடியவில்லை.

அன்று இரவு பழைய உத்தியோகப் பழக்கத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு ஏறக்குறைய 253 சதுர மீற்றர். 1,250 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு பரப்பில் மட்டும் விழும் நீர் 3 இலட்சத்து 16 ஆயிரம் லீற்றர். 5,000 லீற்றர் பவுசரில் அளந்தால் அறுபதுக்கு மேற்பட்ட பவுசர்கள். நாம் சீமெந்து போட்டு மூடிய ஆறு பரப்பிலே வருடத்துக்குப் பத்தொன்பது இலட்சம் லீற்றர் அளவில் மழை விழுகின்றது. அதில் ஒரு பங்கு வெயிலில் ஆவியாகும், ஒரு பங்கு ஓடும் என்று கழித்தாலும், கடவுள் இலவசமாகத் தந்த தண்ணீரைத் தெருவுக்கு அனுப்பிவிட்டுப் பன்னிரண்டு பவுசருக்குக் காசு கொடுத்தோம் என்பதே அதன் பொருள்.

வழி திறந்த கதை

அடுத்த கூட்டத்திலே, வாய்க்காலைத் திறக்க வேண்டும், சீமெந்தை உடைக்க வேண்டும் என்று நானே பிரேரித்தேன். எதிர்ப்பு இல்லாமல் இல்லை. முதியவர்கள் சேற்றில் வழுக்கி விழுவார்கள், தேர் புதையும், கேணியில் நீர் நின்றால் நுளம்பு பெருகி டெங்கு வரும் என்றார்கள். இவை நியாயமான கேள்விகள். பணம் தந்த அன்பர் மனம் வருந்துவார் என்பது எல்லாவற்றிலும் பெரிய தயக்கமாக இருந்தது. கனடாவில் வசிக்கும் அவருக்குத் தொலைபேசியில் நடந்ததை விளக்கினேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அண்ணை, நான் காசு அனுப்பினது கோயிலுக்கு. சீமெந்துக்கு இல்லை" என்றார். அந்த வார்த்தையைக் கூட்டக்குறிப்பிலும் எழுதி வைத்தேன்.

இடையில் கொரோனாத் தொற்று வந்தமையால் வேலை தாமதித்து 2022இல்தான் நிறைவேறியது. தேர்ச் சில்லு ஓடும் இரண்டு கோடுகளுக்கும் முதியோர் நடக்கும் ஒரு பாதைக்கும் சீமெந்தை விட்டு, மீதியை உடைத்து மணல் பரப்பினோம். அங்கப் பிரதட்சணம் செய்வோரும் அடியழிக்கும் பெண்களும் இதனால் பெரிதும் மகிழ்ந்தனர். ஆவணி வெயிலில் சுடுசீமெந்தில் உருண்ட வேதனையை அவர்கள் அதுவரை எமக்குச் சொல்லாமற் பொறுத்திருந்தார்கள்.

வாய்க்காலைத் திறந்து, கேணிக்கு முன்னால் ஒரு வடிகுழி அமைத்தோம். வெள்ளம் முதலில் அக்குழியில் இறங்கி மண்ணையும் குப்பையையும் விட்டு, சல்லியும் மணலும் ஊடாகக் கேணிக்குப் போகின்றது. முதல் இரண்டு மூன்று மழைக்கு வாய்க்கால் வாயைப் பலகையால் அடைத்துவிடுவோம். வீதியிலுள்ள எண்ணெயும் எச்சமும் கழுவுப்பட்டுப் போனபின்பே பலகையை எடுப்போம். நுளம்புக் குடம்பிகளைத் தின்ன மீன் குஞ்சுகள் விட்டுள்ளோம்.

இதிலே அவதானம் மிகவும் வேண்டும். எமது கல்லில் உள்ள வெடிப்புகள் நல்ல நீரை விரைவாக இறக்குவது போலவே அழுக்கையும் விரைவாக இறக்கிவிடும். சுன்னாகத்தில் அனல்மின் நிலையச் சூழலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்த துயரத்தை யாவரும் அறிவோம். அவ்வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனத்தை இரண்டு கோடி ரூபா செலுத்துமாறு பணித்தது. பணம் செலுத்தலாம். ஆனால் கல்லுக்குள் இறங்கியதை வாளியால் அள்ளி வெளியே ஊற்ற முடியாது. தோட்டத்துக்கு அளவுக்கு மிஞ்சி இடும் யூரியாவும், கிணற்றுக்கு அருகில் வெட்டும் மலகூடக் குழியும் நைத்திரேற்றாக அதே வழியால்தான் கிணற்றுக்கு வருகின்றன. கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்தானது என்று வைத்தியர்கள் எச்சரிக்கின்றனர்.

படிகளுக்கு இலக்கம்

வேலை முடிந்தபின் அறநெறிப் பாடசாலை ஆசிரியை ஒருவர் நல்லதொரு யோசனை சொன்னார். கேணியின் இருபத்தொரு படிகளுக்கும் வெள்ளை வர்ணத்தில் இலக்கம் எழுதினோம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு முடிந்ததும் இரண்டு பிள்ளைகள் வந்து, எத்தனையாம் படியில் நீர் நிற்கிறது என்று பார்த்து, மடத்துச் சுவரிலுள்ள கரும்பலகையில் எழுதுவார்கள். வீதியைச் சுற்றியுள்ள ஐந்து வீட்டுக் கிணறுகளுக்கும் முடிச்சுப் போட்ட கயிற்றை இறக்கி, கட்டிலிருந்து நீர் எத்தனை அடி கீழே நிற்கிறது என்பதையும் பதிவார்கள். கொப்பி ஒன்று நிறைந்து இரண்டாவது கொப்பி நடக்கின்றது.

இதனால் விளைந்தது யாது? 2023 ஆவணியில் கேணியில் நான்கு படி நீர் நின்றது. 2024 ஆவணியில் ஐந்து படி. மழையும் வருடத்துக்கு வருடம் மாறுவதால், எல்லாம் எமது வாய்க்காலால்தான் என்று நான் பெருமை பேச மாட்டேன். ஆனால் அவ்விரு வருடமும் பவுசர் வரவில்லை. அதைவிட முக்கியமானது கரும்பலகை முன்னால் நடப்பது. பூசை முடிந்து பிரசாதம் வாங்கியவர்கள் அங்கே நின்று வாசிக்கிறார்கள். "போன வைகாசியில பன்னிரண்டாம் படி, இந்த வைகாசியில பதினாலாம் படி. ஏன்?" என்று கேட்கிறார்கள். ஒரு தோட்டக்காரர் அதைப் பார்த்துவிட்டு மாலை இறைப்பை நிறுத்தினார். இன்னொருவர் தமது மாடிவீட்டுக் கூரைநீரைக் குழாயால் இறக்கி மண்ணுக்குள் விட்டார். ஒருவரும் அவர்களுக்கு உபதேசம் செய்யவில்லை. முன்பு தோட்டக்காரர் கேணியை எட்டிப் பார்த்த வழக்கம் திரும்பி வந்துள்ளது.

பட்டினத்திலும் இத்தகைய முயற்சி நடந்துள்ளது. யாழ். மாநகர சபை, நன்கொடையாளர் ஒருவரின் உதவியுடன் ஆரியகுளத்தைத் திருத்தி, சுற்றிவர நடைபாதையும் இருக்கைகளும் அமைத்து 2021 டிசெம்பரில் மக்களுக்குத் திறந்துவிட்டது. மாலையிலே குடும்பம் குடும்பமாகக் குளக்கரையில் இருக்கும்போது பிள்ளைகளுக்கு நீரின் மட்டம் கண்ணில் படுகின்றது. முதுகுப் பக்கமாக இருந்த குளம் முகப்பாக மாறினால், அதற்குள் குப்பை கொட்டக் கை கூசும். தமிழ்நாட்டிலே 2003ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அது சட்டத்தால் வந்தது. சட்டம் வீட்டுக் கூரையைத் தொடும். ஆனால் ஊரவர் ஒன்றுகூடிப் பார்த்துப் பேசும் இடத்தை ஊர்தான் அமைக்க வேண்டும்.

மேலூரும் கீழூரும்

எமது கேணி நிறைந்து வழியும் வெள்ளம் எங்கே போகிறது என்று அறநெறிப் பிள்ளை ஒருவன் கேட்டான். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அது வாய்க்கால் வழியே போய் வழுக்கியாற்றிலே சேர்கின்றது. மாரியில் மட்டும் ஓடும் அந்த ஆறு தெல்லிப்பழைப் பக்கத்து மேட்டு நிலத்தில் தொடங்கி, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், வட்டுக்கோட்டைப் பக்கமாக வந்து, அராலியில் கடல்நீரேரியில் விழுகின்றது. கோடையிலே பார்த்தால் அது ஆறென்று ஒருவரும் சொல்லார். மாடு மேயும். சிலர் வேலியை அதற்குள் நகர்த்துவர். சிலர் குப்பை கொட்டுவர். மாரி வந்ததும் ஆறு தன் காணி உறுதியை எடுத்துக் காட்டிவிடும்.

2008 நவம்பரில் நிஷா புயலின்போதும், 2024 நவம்பர் இறுதியிலும் குடாநாட்டிலே வெள்ளம் நின்றதைக் கண்டோம். மேலூரில் நாம் நிலத்துக்குள் இறக்காத நீர் கீழூரில் ஒருவர் வீட்டுக்குள் ஏறுகிறது. நாம் வாய்க்காலில் விட்ட பொலித்தீன் பை கீழூரவரின் மதகை அடைக்கின்றது. இவ்வழியிலுள்ள ஆலயங்கள் ஒவ்வொன்றும் தத்தம் கேணியையும் குளத்தையும் வாய்க்காலையும் பேணி, படி இலக்கம் எழுதிக் கரும்பலகை வைத்தால், மேலூர்க் கேணி நிறையும் நாளைக் கீழூர் அறியும். திருவிழாவுக்கு ஊருக்கு ஊர் அழைப்பிதழ் அனுப்பும் எமக்கு இது கடினமானதன்று.

குழாய்நீர் வருகிறதே என்பார்க்கு

இனிக் கிணறு எதற்கு, குழாயில் தண்ணீர் வருகிறதே என்று சில இளைஞர் கேட்கின்றனர். குடாநாட்டுக்கு வெளியிலிருந்து நீர் கொண்டுவரும் எண்ணம் புதிதன்று. நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் அவர்கள் 1954இலேயே 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற திட்டத்தை வெளியிட்டார். ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வழியாக வாய்க்கால் வெட்டி உள்நாட்டுக் கடல்நீரேரிகளுக்கு அந்நீரைக் கொண்டுவருவது அதன் கருத்து. அது முழுமையாக நிறைவேறவில்லை. பின்னர் இரணைமடு நீரைக் கொண்டுவரத் திட்டமிட்டபோது, கிளிநொச்சி விவசாயிகள் தமது வயலுக்கே போதாது என்று ஆட்சேபித்தனர். அவர்கள் கவலையிலும் நியாயம் உண்டு. ஈற்றில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரும் கொள்ளளவு உடையது அது. கிணறு உவர்த்துப்போன ஊர்களுக்கு அது பேருதவி என்பதில் ஐயமில்லை.

ஆனால் கடல்நீரை நன்னீராக்க மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்குப் பணம் வேண்டும். அந்த நீரை வெங்காயத்துக்கும் மரவள்ளிக்கும் இறைக்க முடியாது. பனங்கூடலுக்கும் வேப்பமரத்துக்கும் குழாய் பூட்டவும் முடியாது. தோட்டமும் மரமும் மாடும் மழைநீரை நம்பியே நிற்கின்றன. குழாய்நீர் வந்துவிட்டது என்று கிணற்றைக் குப்பைக்குழியாக்கினால், அதனால் கெடுவது ஒருவர் கிணறு மட்டுமன்று.

அடியார்களிடம் வேண்டுவன

முதலாவதாக, ஆலயத்துக்கு உபயம் செய்ய விரும்பும் அன்பர்கள் கேணி தூர்வாருதல், வாய்க்கால் துப்புரவு, வடிகுழிக்கு மணல் மாற்றுதல் ஆகியவற்றையும் உபயமாக ஏற்க வேண்டும். அவற்றில் பெயர் பொறிக்க இடமில்லை. ஆயினும் புண்ணியம் குறையாது. ஐப்பசி மழைக்கு முன் புரட்டாதியிலே இவ்வேலைகள் முடிய வேண்டும்.

இரண்டாவதாக, பூமாலைகளையும் பொலித்தீனையும் கற்பூரப் பெட்டிகளையும் கேணியில் போடலாகாது. தீர்த்தத்தன்று சவர்க்காரமும் கொண்டுவர வேண்டாம்.

மூன்றாவதாக, ஒவ்வொரு வீட்டாரும் தமது கூரைநீரைத் தெருவுக்கு விடாமல் வளவுக்குள்ளேயே இறக்க வேண்டும். முற்றம் முழுவதும் சீமெந்து போடுவதைத் தவிர்க்க வேண்டும். மலகூடக் குழியைக் கிணற்றுக்கு எட்டவே அமைக்க வேண்டும்.

நான்காவதாக, பெற்றோர் தமது பிள்ளைகளைக் கேணிப்படி பார்க்கும் முறைக்கு அனுப்ப வேண்டும். கூடவே தாமும் ஒருநாள் வந்து பார்க்க வேண்டும்.

என் பெயரில் ஒரு தவறான தீர்மானம் கூட்டக்குறிப்புப் புத்தகத்தில் இருக்கின்றது. அதை வெட்டி அழிக்க நான் விரும்பவில்லை. அதே புத்தகத்தில் சில பக்கம் தள்ளி, வாய்க்காலைத் திறந்த தீர்மானமும் உண்டு. எமக்குப் பின் வரும் தர்மகர்த்தாக்கள் இரண்டையும் வாசிக்கட்டும். மீண்டும் ஒருவர் வீதிக்குச் சீமெந்து போடப் பிரேரிக்கும்போது, தண்ணீர் எந்த வழியால் வருகிறது என்று ஒருவரேனும் எழுந்து கேட்கட்டும்.

கடந்த கார்த்திகையில் ஒருநாள் அதிகாலை மழை விட்டதும் கேணியடிக்குப் போனேன். வடிகுழியாலே தெளிந்த நீர் சலசலத்து விழுந்துகொண்டிருந்தது. அன்று என்னிடம் கேள்வி கேட்ட அந்த அம்மா குடையை ஊன்றிக்கொண்டு கேணிக் கட்டில் இருந்தார். என்னைக் கண்டதும், "தம்பி, எட்டாம் படி மூடிட்டுது" என்றார்.

மாரி தவறாது பெய்து, கேணியும் கிணறும் நிறைந்து, ஊரும் உலகும் நலம்பெற எம்பெருமான் திருவடிகளைப் பணிந்து அமைகின்றேன்.

சுபம்.